'சிஸ்டமேட்டிக்' என்றால் வெறுமனே 'ஒழுங்கான' என்று பொருளா? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

'ஒழுங்கான' என்பது பாதிப் பொருள்தான். மருதமுனைக் கைத்தறியில் பாவு ஓட்டுவதைப் பார்த்திருந்தால் மீதிப் பாதியும் விளங்கும். நூல்கள் நேராகக் கிடப்பது ஒழுங்கு. எந்த இழைக்குப் பின் எந்த இழை என்று முன்பே தீர்மானித்து, ஒன்றையும் தவறவிடாமல் கோர்த்துப் போவதுதான் சிஸ்டமேட்டிக். ஆகவே 'முறைப்படியான', 'திட்டமிட்டு முறையாகச் செய்யும்' என்று எழுதுவதே சரி என்பேன்.

சொல்லின் வேர் கிரேக்கம். 'சுன்' என்றால் சேர்த்து. 'ஹிஸ்டானை' என்றால் நிறுத்துதல். பலவற்றைச் சேர்த்து நிறுத்தியது 'சிஸ்டேமா'. அதன் பெயரடை வடிவம் பிற்கால லத்தீன் வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று: நிற்றலைக் குறிக்கும் சமஸ்கிருத வேர் 'ஸ்தா'வும் அந்த ஹிஸ்டானையும் உடன்பிறப்புகள். நாம் அன்றாடம் சொல்லும் 'ஸ்தாபனம்', 'ஸ்தானம்' இரண்டும் 'ஸ்தா'விலிருந்து வந்தவையே. அந்த வகையில் சிஸ்டமேட்டிக் நமக்குத் தூரத்து உறவு.

ஒரு எச்சரிக்கை. 'சிஸ்டமிக்' வேறு சொல். அம்பாறை வயல்களுக்கு வாங்கும் சில களைநாசினிப் போத்தல்களில் அந்தச் சொல்லைக் காணலாம். மருந்து செடிக்குள் உறிஞ்சப்பட்டு அதன் மற்றப் பாகங்களுக்கும் பரவும் என்பதே அங்கே பொருள். முறையாகத் தெளிக்க வேண்டும் என்பதல்ல. பரீட்சையிலும் மொழிபெயர்ப்பிலும் இரண்டையும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.