கைமாறும் பொருள்: வாசகர் கேள்வி பதில்

கேமரா, கிதார், தொலைநோக்கி, இசைத்தட்டு, பேனா என்று ஆசைக்கு வாங்கிய பொருளை, அதே ஆசை உள்ள இன்னொருவருக்கு விற்பதிலும் அவரிடம் வாங்குவதிலும் எழும் சிக்கல்கள் பற்றி வந்த கேள்விகள் இந்த முறை.

கேள்வி: பழைய 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று விளம்பரம் போட்டு விற்றேன். உள்ளே பூஞ்சை இருக்கிறது என்று வாங்கியவர் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். என் கண்ணுக்கு இதுவரை தெரியவே இல்லை. பணத்தைத் திருப்பித் தரத்தான் வேண்டுமா?

பதில்: தர வேண்டும். போகவர இரண்டு கூரியர் செலவும் உங்களுடையது. உங்களுக்குத் தெரியவில்லை என்பதை நம்புகிறோம்; சாதாரண வெளிச்சத்தில் பூஞ்சை பெரும்பாலும் தெரியாது. ஆனால் சோதிக்காத பொருளுக்கு ‘சோதிக்கவில்லை’ என்று எழுத வேண்டும். அப்படி எழுதினால் விலை இறங்கும். அந்த இறக்கத்தைத் தவிர்க்கத்தான் ‘நல்ல நிலை’ என்று எழுதத் தோன்றுகிறது.

சோதிக்கும் முறை இது. அறையை இருட்டாக்குங்கள். முன்மூடி, பின்மூடி இரண்டையும் கழற்றி அபெர்ச்சரை, அதாவது இதழ்களால் திறந்து மூடும் ஒளித்துளையை, முழுதாகத் திறந்து வையுங்கள். அபெர்ச்சர் வளையம் இல்லாத சில லென்ஸ்களில் பின்பக்கத்துச் சிறு நெம்புகோலைத் தள்ளிப் பிடித்தால்தான் திறக்கும். சின்ன டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். பிறகு லென்ஸைத் திருப்பிப் பிடித்து இன்னொரு முறை. சிலந்தி நூல் போலவோ மெல்லிய வேர் போலவோ கிளைத்துப் போனால் பூஞ்சை. கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் மங்கலாக இருந்தால் பனிப்படலம். ஓரத்தில் வானவில் நிறமோ குமிழியோ தெரிந்தால், ஒட்டிய இரண்டு கண்ணாடிகள் விலகத் தொடங்கியிருக்கின்றன. தனித்தனிப் புள்ளிகள் வெறும் தூசு; அது எல்லாப் பழைய லென்ஸிலும் உண்டு, படத்தில் தெரியாது. அடுத்து அபெர்ச்சரை மூடிப் பாருங்கள். இதழ்கள் பளபளவென்று ஈரமாக இருந்தால் எண்ணெய் கசிந்திருக்கிறது. இதழ்கள் ஒட்டிக்கொண்டு தாமதமாக மூடும், படம் வெளுத்துப்போகும்.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. டார்ச் அடித்துப் பார்த்தால் புத்தம் புது லென்ஸ்கூடக் குப்பைத்தொட்டி மாதிரிதான் தெரியும். நூலையும் படலத்தையும் தேடுங்கள், தூசை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்.

விளம்பரத்தை இப்படி எழுதலாம்: “50 மி.மீ. லென்ஸ். முன் கண்ணாடியின் ஓரத்தில் 2 மி.மீ. கீறல் ஒன்று (மூன்றாவது படம்). உள்ளே தூசு உண்டு. டார்ச் அடித்துப் பார்த்தேன், பூஞ்சையோ படலமோ இல்லை (நான்காவது படம்). இதழ்களில் எண்ணெய் இல்லை. ஃபோகஸ் வளையம் சற்று இறுக்கம். பின்மூடி இல்லை. கையில் கிடைத்து 3 நாளுக்குள், எழுதாத குறை தெரிந்தால் திருப்பலாம், செலவு என்னுடையது. மனம் மாறித் திருப்பினால் செலவு உங்களுடையது.” பத்துப் பேர் பத்துக் கேள்வி கேட்கும் வேலை இதில் மிச்சமாகிறது.

கேள்வி: ‘குட்’ என்று போட்டிருந்த இசைத்தட்டை வாங்கினேன். முழுக்கக் கரகரப்பு. கேட்டால், “குட் என்றால் அப்படித்தான்” என்கிறார். இது என்ன நியாயம்?

பதில்: சொல்லளவில் அவர் சொன்னது சரி. இசைத்தட்டு சேகரிப்பவர்களின் தரவரிசை மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட் என்று இறங்கி வரும். அதில் ‘குட்’ கிட்டத்தட்ட அடிமட்டம்: ஊசி தாவாமல் ஓடும், அவ்வளவுதான், கீறலும் இரைச்சலும் இருக்கும். பழைய புத்தகத்தில் அதே ‘குட்’ என்றால், நன்றாகப் புழங்கியது, பக்கம் எதுவும் குறையவில்லை என்று பொருள். நாணயத்துக்கு வேறு கணக்கு. அமெரிக்க நாணய ஆய்வாளர் வில்லியம் ஷெல்டன் 1949-இல் வகுத்த 1 முதல் 70 வரையான அளவுகோல்தான் அங்கே இன்றும் அடிப்படை.

ஆக, ஒரு துறையின் சொல்லை அந்தத் துறைக்குப் புதியவரிடம் விளக்கம் இல்லாமல் வீசுவது முறையில்லை. இசைத்தட்டு விற்பவர் தட்டுக்கும் உறைக்கும் தனித்தனியாகத் தரம் சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்துச் சொன்னதா, ஓடவிட்டுக் கேட்டுச் சொன்னதா என்பதையும் எழுத வேண்டும். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு: பளபளப்பான தட்டு தேய்ந்த ஊசியால் உள்ளுக்குள் கெட்டிருக்கலாம், மேலே கோடு விழுந்த தட்டு சத்தமே இல்லாமல் ஓடலாம்.

கேள்வி: தொலைநோக்கி ஆர்வலர்கள் வாங்கி விற்கும் குழு ஒன்றுக்கு நான் அட்மின். ஒருவர் விற்பனைக்கு வைத்த பொருளுக்கு முதலில் ஒருவர், “ஞாயிறு நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று தனிச்செய்தி அனுப்பினார். 20 நிமிடம் கழித்து இன்னொருவர், “சொன்ன விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்” என்று எல்லார் முன்னாலும் எழுதினார். விற்பவர் “சரி” என்றார். இரவில் மூன்றாமவர் கூடுதல் விலை சொல்ல, பொருள் அவருக்குப் போய்விட்டது. மூவரும் என்னிடம் வந்து நிற்கிறார்கள்.

பதில்: பொருள் இரண்டாமவருடையது. நிபந்தனை இல்லாமல், கேட்ட விலைக்கு, முதலில் சம்மதித்தவர் அவர். ‘பார்த்துவிட்டு’, ‘சம்பளம் வந்ததும்’, ‘என்னுடையது விற்றால்’ என்பதெல்லாம் விசாரிப்புதான். வரிசையில் இடம் பிடிக்காது. “சரி” என்று சொல்லும்வரை விற்பவருக்கு யாரையும் மறுக்கும் உரிமை உண்டு. சொன்ன பிறகு கிடையாது. கூடுதல் விலை தேவையென்றால் முதலிலேயே ஏலம் என்று போட்டிருக்க வேண்டும்.

உங்கள் குழுவில் இதை எழுதி வையுங்கள்: சம்மதம் பொதுப் பதிவில்தான் செல்லும், நேரம் எல்லார் கண்ணுக்கும் தெரியும். பணம் 24 மணி நேரத்துக்குள் வராவிட்டால் அடுத்தவருக்குப் போகும். நேரில் பார்த்து வாங்குவதென்றால் நாளும் நேரமும் குறித்து, விற்பவர் ஒப்புக்கொண்டால் மட்டும் அதுவரை நிறுத்திவைக்கலாம்.

விளம்பரத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை நான்கே போதும்: விலை, தேதி எழுதிய சீட்டோடு எடுத்த சொந்தப் படம், தெரிந்த குறைகள், அனுப்புவதா, நேரில் மட்டுமா. ‘விலை தனிச்செய்தியில்’ என்பதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். ஆளைப் பார்த்து விலை மாறும், நாளைக்கு விற்க வருபவருக்கும் நியாய விலை தெரியாமல் போகும். விற்றுப்போன பிறகு விலையை அழிப்பதையும் இதே காரணத்துக்காகத் தடுக்க வேண்டும். ‘விற்றது’ என்று மேலே போடட்டும், கீழே இருப்பது அப்படியே இருக்கட்டும். பின்னால் தகராறு வந்தால், முதலில் என்ன எழுதியிருந்தது என்பது ஒன்றுதான் உங்களுக்குச் சாட்சி.

குறைகளை எழுதச் சொல்வது வெறும் மரியாதைக்காக இல்லை. பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்து இதை விளக்கினார். நல்லது எது, சொத்தை எது என்று வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் அவர் சராசரி விலைதான் தருவார். அந்த விலைக்கு நல்ல பொருள் வைத்திருப்பவர் விற்க வரமாட்டார். கடைசியில் சொத்தைகள் மட்டும் மிஞ்சும்.

விதி மீறிய விளம்பரத்தைக் கண்டதும் தூக்கிவிட வேண்டாம். என்ன குறைகிறது என்று ஒரு வரி எழுதி நிறுத்திவையுங்கள், ஒரு நாள் கெடு கொடுங்கள், திருத்தாவிட்டால் நீக்குங்கள். நீங்களே விற்கும் பொருளில் தகராறு வந்தால் வேறொரு அட்மின் தீர்க்கட்டும்.

கேள்வி: அநியாய விலை என்று தெரிந்தால் விளம்பரத்தின் கீழேயே சொல்லலாமா?

பதில்: வேண்டாம். அதிகம் என்று தோன்றினால் வாங்காமல் போகலாம், அல்லது உங்கள் விலையைத் தனியாக, ஒரே ஒருமுறை, எண்ணாகவே சொல்லலாம். “கடைசி விலை என்ன?” என்று கேட்பது பேரமே அல்ல, நீங்கள் எதுவும் சொல்லாமல் எதிராளியை மட்டும் இறங்கி வரச் சொல்வது. போலிப் பொருள், மாடல் பெயர் தப்பு போன்ற உண்மைப் பிழையாக இருந்தால் விஷயம் வேறு. முதலில் விற்பவருக்குத் தனியாக எழுதுங்கள். அசையவில்லையென்றால் அட்மினுக்கு.

கேள்வி: விற்ற கிதார் போய்ச் சேர்ந்தபோது கழுத்து முறிந்திருந்தது. கெட்டியான பெட்டியில்தான் அனுப்பினேன். எங்கே தவறியது?

பதில்: பெட்டிக்குள் தலைப்பகுதி அந்தரத்தில் நின்றிருக்கும். பல கிதார்களில் தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். கழுத்தும் தலையும் சேரும் இடத்தில், தந்திகளைத் தாங்கும் நட் என்ற சிறு துண்டின் அருகே, மரத்தின் இழை குறுக்கே வெட்டுப்படுவதால் அங்கேதான் பலம் குறைவு. பெட்டி கீழே விழும்போது டியூனிங் கீகளின் எடை தலையைச் சாட்டை மாதிரி வீசும். கழுத்து அங்கே முறியும். வெளிப்பெட்டியில் ஒரு கீறல்கூட இருக்காது.

ஒன்றிரண்டு சுரம் இறங்கும் அளவுக்குத் தந்திகளைத் தளர்த்துங்கள். முழுக்கக் கழற்ற வேண்டாம். தலைப்பகுதிக்கு மேலும் கீழும், கழுத்தின் கீழே நெடுகவும், காகிதத்தையோ நுரையையோ அசையாதபடி அடையுங்கள். கேப்போ (கழுத்தில் மாட்டும் கவ்வி), தோளில் மாட்டும் பட்டை போன்றவற்றை வெளியே எடுத்துத் தனியாகச் சுற்றுங்கள். கிதார் பெட்டியை, எல்லாப் பக்கமும் 5 செ.மீ. இடைவெளி உள்ள அட்டைப்பெட்டிக்குள் வைத்து இடைவெளியை நிரப்புங்கள். மூடியபின் தூக்கிக் குலுக்குங்கள். உள்ளே ஏதாவது நகர்ந்தால் திரும்பப் பிரிக்க வேண்டியதுதான். ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வையுங்கள். இழப்பீடு கேட்கும்போது கூரியர்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

நாடு கடந்து அனுப்பினால் மரத்தையும் பாருங்கள். ரோஸ்வுட் இனம் முழுவதும் 2017-இல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை. 1992 முதலே அது மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது.

இதோடு சேர்த்து, கேமரா விற்பவர்களுக்கு: உதிரி லித்தியம் அயன் பேட்டரியைத் தனியாக விமானத்தில் சரக்காக அனுப்புவதற்குக் கட்டுப்பாடு உண்டு. 2016 ஏப்ரலிலிருந்து பயணிகள் விமானத்தில் ஏற்றவே முடியாது. சரக்கு விமானத்திலும் மின்னேற்றம் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சொல்லாமல் உள்ளே வைத்தால் பார்சல் முழுவதும் நின்றுபோகலாம்.

கேள்வி: பணம் அனுப்பிவிட்டதாக ஸ்கிரீன்ஷாட் வந்தது. பொருளை அனுப்பிவிடலாமா?

பதில்: ஸ்கிரீன்ஷாட்டை யாரும் தயாரிக்கலாம். கணக்கில் பணம் ஏறியதை நீங்களே திறந்து பாருங்கள். கேட்டதைவிடக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பிவிடுங்கள் என்றால் அத்தோடு பேச்சை நிறுத்துங்கள். பணம் வாங்க உங்கள் ரகசிய எண் எங்கும் தேவைப்படாது. வாங்குபவராக இருந்தால், பேபால் போன்ற சேவைகளில் நண்பர்களுக்கு அனுப்பும் வழியில் கட்டச் சொல்பவரிடம் எச்சரிக்கை. கட்டணம் மிச்சம்தான், ஆனால் அந்த வழியில் வாங்குபவருக்குப் பாதுகாப்புக் கிடையாது. படம் திருடியது என்று சந்தேகம் வந்தால் விசித்திரமாக ஏதாவது கேளுங்கள்: லென்ஸைக் கவிழ்த்து வைத்து, மேலே ஒரு கரண்டியோடு ஒரு படம். பொருள் கையில் உள்ளவருக்கு ஒரு நிமிட வேலை.

கேள்வி: என் கணவர் சேர்த்த பழைய பேனாக்கள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. அவர் இருந்த குழுவில் விசாரித்தேன். ஒருவர் அன்றே தனியாக அழைத்து, மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன், வேறு யாரிடமும் காட்ட வேண்டாம் என்கிறார். விலையும் அவரே சொல்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. மதிப்புச் சொல்பவர் வாங்கக்கூடாது, வாங்குபவர் மதிப்புச் சொல்லக்கூடாது. ஒழுங்கான குழுக்களில் இது விதியாகவே இருக்கும். குழு அட்மினிடம் சொல்லி, வாங்கும் எண்ணம் இல்லாத இருவரைத் தனித்தனியே பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள். இருவர் சொல்வதும் ஒத்துப்போகாத பேனாக்களைத் தனியே எடுத்து வையுங்கள். பெரும்பாலும் மதிப்புள்ளவை அவற்றில்தான் இருக்கும்.

அதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது படம் எடுப்பது மட்டும். ஒவ்வொரு பேனாவுக்கும் மூன்று படம்: மூடியோடு முழு நீளம், நிப் முகப்பு, உடலில் பொறித்த எழுத்து. துடைத்துப் பளபளப்பாக்க வேண்டாம். பாலிஷ் போட்டால் பொறித்த எழுத்து தேயும், அதோடு விலையும் தேயும். தண்ணீரில் ஊறப்போடவும் வேண்டாம். கறுப்பு எபனைட் (கெட்டியாக்கிய ரப்பர்) தண்ணீரில் பழுப்பேறும், கேசினில் (பால்புரதத்தில் செய்யும் பிளாஸ்டிக்) செய்த பேனா உப்பி வெடிக்கும். காய்ந்த மை அப்படியே இருக்கட்டும், வாங்குபவர் பார்த்துக்கொள்வார். பெட்டி, ரசீது, கைப்பட எழுதிய சீட்டு எது கிடைத்தாலும் அந்தந்தப் பேனாவோடு வையுங்கள். உங்களுக்கென்று வைத்துக்கொள்ள நினைப்பதை, யாரும் வந்து பார்ப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.