பாரசீகத் தட்டும் 'பரிசுப் பொருள்' ரசீதும்

பாரசீக எனாமல் சுவர்த் தட்டுகளைப் பற்றிச் சேர்ந்தாற்போல் ஆறு கடிதங்கள் வந்துவிட்டதால், இம்முறை பதில்கள் அவற்றுக்கு மட்டுமே.

கேள்வி: ஈரானிலுள்ள இஸ்பகானின் நக்ஷே ஜகான் சதுக்கத்தில் நீலப் பூவேலைத் தட்டு ஒன்றை வாங்கினேன். அது உண்மையான மினாகாரிதானா என்பதை எப்படி அறிவது? (வாசகர், திருச்சி)

பதில்: மினாகாரி என்பது உலோகத்தின் மேல் கண்ணாடியை உருக்கிப் படியவைக்கும் வேலை. இஸ்பகானில் செம்புத் தட்டுக்கு வெள்ளை எனாமல் பூசி, 750 டிகிரி செல்சியஸ் அளவில் உலையில் சுட்டு, அதன்மேல் உலோக ஆக்சைடு வண்ணங்களால் பூவும் கொடியும் வரைந்து, மறுபடியும் சுடுகிறார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால், கைவேலையில் கோட்டின் தடிமன் மாறிக்கொண்டே போகும். அச்சிட்ட படத்திலோ செய்தித்தாள் புகைப்படத்தைப் போல வண்ணப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். செம்பில் காந்தம் ஒட்டாது. இதை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைக்குரியதன்று. 4,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கி வந்த 'இஸ்பகான் செம்புத் தட்டின்' மேல், என் பேத்தி குளிர்பதனப் பெட்டிக் கதவிலிருந்த காந்தப் பிள்ளையாரை எடுத்து வைத்தாள். அவர் அங்கேயே உறுதியாக அமர்ந்துவிட்டார். தட்டு தகரம்.

கேள்வி: ஈரான் கடையில் பேசி முடித்த தொகையைப் போலப் பத்து மடங்கு ரியால் கேட்டார்கள். ஏமாந்தேனா? (வாசகர், துபாய்)

பதில்: இல்லை. கடைவீதியில் விலை பேசுவது தோமானில். ஒரு தோமான் என்பது 10 ரியால்.

கேள்வி: தட்டில் இனிப்பு வைத்து விருந்தினருக்கு நீட்டலாமா? (வாசகி, மதுரை)

பதில்: கூடாது. வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கண்காட்சி ஒன்றில், 'காஜார் (ஈரானை ஆண்ட பழைய அரச மரபு) காலத்தது, 150 ஆண்டுப் பழைமை' என்று வாட்ஸ்அப்பில் எழுதியும் அனுப்பி, 38,000 ரூபாய் பெற்றுக்கொண்டார்கள். நகம் பட்ட இடத்தில் வண்ணம் உரிகிறது. ரசீதில் 'பரிசுப் பொருள் - 1' என்று மட்டுமே உள்ளது. திரும்பப் பெற முடியாது என்கிறார்கள். (வாசகி, கோவை)

பதில்: அம்மா, நீங்கள் வெட்கப்பட ஏதுமில்லை, வெட்கப்பட வேண்டியவர் விற்றவர். உலையில் சுட்ட எனாமல் சில்லாகத் தெறிக்குமே தவிர, நகத்தில் உரியாது. பொருளின் தரம், சேர்மானம் பற்றிப் பொய் சொல்லி விற்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. குறைபாடுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், அப்படிக் காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அதில் அடங்கும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். தீராவிட்டால், வாங்கிய 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே நீங்கள் முறையிடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள்.

இந்த 'பரிசுப் பொருள்' ரசீதைப் பற்றி நான் எத்தனை முறை எழுதினாலும் ஆத்திரம் அடங்குவதில்லை. அரை மணி நேரம் காஜார் மன்னர்களின் வரலாற்றை வாய் நிறையப் பேசுகிறவர், பேனாவை எடுத்தவுடன் ஊமையாகிவிடுகிறார். 'செம்பின் மீது கையால் வரைந்த எனாமல், இஸ்பகான், இன்ன காலம்' என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால், விலையும் அப்போதே பாதியாகக் குறைவதைக் காண்பீர்கள். 'விண்டேஜ்' (பழங்காலத்தது) என்ற சொல்லை நம்பி ஒரு ரூபாயும் கூட்டித் தராதீர்கள். அதைப் போன வருடத்துத் தட்டின் மேலும் ஒட்டுகிறார்கள்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் ஒரு படத்தைப் பார்த்து 12,000 ரூபாயை யுபிஐ மூலம் அனுப்பினேன். இப்போது அந்தக் கணக்கே இல்லை. விற்றவர் பெயரும் தெரியாது. (வாசகர், சென்னை)

பதில்: பத்து ரூபாய் வெண்டைக்காய்க்கு நுனியை ஒடித்துப் பார்க்கும் ஊரில், பெயரும் முகவரியும் கேட்காமல் 12,000 ரூபாயா? கடிதம் எழுதிய நேரத்தில் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்திருக்கலாம். இப்போதாவது அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள்.

கேள்வி: கைதவறி விழுந்ததில் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்து செம்பு தெரிகிறது. மீண்டும் உலையில் சுட்டுச் சரிசெய்யலாமா? (வாசகி, ஷார்ஜா)

பதில்: வேண்டாம். மறுபடி சூடேற்றினால் நன்றாக இருக்கும் பகுதியும் கெடக்கூடும். தெரிகிற செம்பைப் பளபளப்பாக்கப் புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், அந்தப் புளிப்பு எனாமலையும் மங்கச் செய்யும். உலர்ந்த மென்துணி போதும்.