பிக்கப்பில் உள்ள கூலன்ட் ஃபில்டரை எப்போது மாற்றுவது? கழற்றி விடலாமா?

கேள்வி: குன்னூரில் பழைய டீசல் பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறேன். முன்பு வைத்திருந்தவர் எஞ்சின் ஓரமாக ஒரு கூலன்ட் ஃபில்டர் மாட்டியிருக்கிறார். மெக்கானிக், "இது கம்பெனி போட்டது இல்லை, கழற்றிடலாம்" என்கிறார். வைத்துக்கொள்வதா, எடுப்பதா? வைத்துக்கொண்டால் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றணும்?

பதில்:

வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது பழையதைக் குப்பையில் போட்டுவிடாமல் அறுத்துப் பாருங்கள். அப்போதுதான் அதற்குக் கொடுத்த காசு தேறும்.

எங்கள் வீட்டில் கோத்தகிரிப் பக்கம் காய்கறி லோடுக்குப் பிக்கப் ஓடுகிறது, மச்சான் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே கை அழுக்காகிக் கற்றதைச் சொல்கிறேன்.

உங்கள் மெக்கானிக் சொன்னதில் பாதி சரி. நம் ஊரில் ஓடும் சின்ன பிக்கப்புகளில் பெரும்பாலானவை கூலன்ட் ஃபில்டர் இல்லாமல்தான் கம்பெனியிலிருந்து வருகின்றன. இது கனரக லாரி, ஜெனரேட்டர், மண் அள்ளும் வண்டி ஆகியவற்றின் டீசல் எஞ்சின்களில் வெகுகாலமாக இருக்கிற சமாச்சாரம். பிக்கப்பில் இதைப் பேச வைத்தது அமெரிக்காவில் ஓடிய ஃபோர்டு 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் எஞ்சின். எஞ்சின் பிளாக்கை வார்க்கும்போது உள்ளே தங்கிவிட்ட அச்சு மணல் கூலன்டோடு சுற்றி வந்து, ஆயில் கூலரின் சந்துகளில் போய் அடைத்துக்கொண்டது. ஆயில் கூலர் அடைத்தால் அதற்கு அடுத்து இருக்கும் ஈஜிஆர் கூலருக்கு (எஞ்சினுக்குள் திரும்பப் போகும் புகையை ஆற்றும் பாகம்) கூலன்ட் போதாது, அது வெந்து வெடிக்கும். அந்த வண்டிக்காரர்கள் தாங்களாகவே ஃபில்டர் மாட்ட ஆரம்பித்தார்கள். சமதளத்தில் ஒரே வேகத்தில் ஓட்டும்போது ஆயில் சூடு கூலன்ட் சூட்டைவிட 15 ஃபாரன்ஹீட்டுக்கு மேல், அதாவது நம் கணக்கில் 8 டிகிரிக்கு மேல் கூடினால் ஆயில் கூலர் அடைக்கிறது என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு உண்டு.

உங்கள் எஞ்சினில் அச்சு மணல் இருக்கிறதோ இல்லையோ, துருவும் உப்பும் இருக்கும். முந்தைய ஓனர் எந்தத் தண்ணீரை ஊற்றினார் என்று யாருக்குத் தெரியும்? பர்லியாறு தாண்டி ஏறும்போது வண்டி கொதித்தால் வழியில் எந்த ஓடை கண்ணில் படுகிறதோ அதில் கேனை முக்கி ஊற்றுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

முதலில் அந்த ஃபில்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இது ஆயில் ஃபில்டர் மாதிரி மொத்த ஓட்டத்தையும் வடிகட்டுவதில்லை. கூலன்டில் ஒரு சிறு பங்கு மட்டும் கிளைக் குழாய் வழியாக வந்து, வடிகட்டி, பம்ப் உறிஞ்சும் பக்கத்துக்கோ ஹீட்டர் திரும்பும் குழாய்க்கோ போய்ச் சேரும். அதனால் ஃபில்டர் முழுக்க அடைத்துப்போனாலும் எஞ்சின் சூடாகாது, விளக்கு எரியாது, உங்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி கைதான். மேலே ஏறி வந்து நின்றதும், விசிறியும் பெல்ட்டும் நின்றபின், புறங்கையால் ஃபில்டர் டப்பாவைச் சட்டென்று தொட்டுப் பாருங்கள். உள்ளே வரும் ஹோஸ் சுட்டு, டப்பா மட்டும் வெதுவெதுப்பாகவோ சில்லென்றோ இருந்தால் ஒன்று அடைத்திருக்கிறது, இல்லை வால்வை யாரோ மூடிவிட்டுத் திறக்க மறந்திருக்கிறார்கள். பட்டறைக்கு வந்த வண்டிகளில் இரண்டாவதுதான் அதிகம்.

அடுத்தது, எந்த ஃபில்டர் என்பது. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். டப்பா ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் ஃபில்டர். இன்னொன்றின் உள்ளே ரசாயனம் இருக்கும், கூலன்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இந்த ரசாயனம் வெட் லைனர் எஞ்சின்களுக்காக வந்தது, அதாவது பிஸ்டன் ஓடும் இரும்பு உறையின் (லைனர்) வெளிப்பக்கம் நேராகக் கூலன்டில் நிற்கும் எஞ்சின்களுக்காக. டீசல் வெடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் லைனர் அதிரும். அதன் வெளிச்சுவரில் இருக்கும் கூலன்டில் நுண்ணிய குமிழிகள் உண்டாகி, சுவரிலேயே உடையும். உடைந்து உடைந்து இரும்பைக் குத்திக் குத்தி எடுத்து, கடைசியில் ஊசி நுழையும் அளவு ஓட்டை விழுந்து கூலன்ட் ஆயிலில் இறங்கிவிடும். நைட்ரைட் போன்ற ரசாயனங்கள் லைனர் மேல் ஒரு மெல்லிய படலம் போல நின்று அந்த அடியைத் தாங்கும்.

உங்கள் எஞ்சினில் அந்தத் தேவை இருந்து, அதற்குரிய பழைய வகைக் கூலன்ட் இருந்தால்தான் ரசாயன ஃபில்டர். இப்போது பரவலாக விற்கும் நீண்டகாலக் கூலன்டுகளில் துருத் தடுப்பு முறையே வேறு. அதோடு ரசாயன ஃபில்டரைப் போட்டால் இரண்டும் ஒத்துப்போகாது. பழைய வகையிலும் ரசாயனம் அளவுக்கு மீறினால் படிந்து, பச்சைக் கூழ் மாதிரி திரண்டு ரேடியேட்டரை அடைக்கும், பம்ப் சீலையும் தேய்க்கும். லாரிக்கான ரசாயன ஃபில்டர் 40, 50 லிட்டர் கூலன்டுக்குக் கணக்குப் போட்டுச் செய்தது. பிக்கப்பில் மொத்தமே அதில் கால்வாசிகூட இருக்காது. சந்தேகம் இருந்தால் வெறும் ஃபில்டரையே வாங்குங்கள். அதனால் ஒருநாளும் கெடுதல் இல்லை.

கடையில் இல்லை என்றால் "மரை ஒன்றுதான் சார்" என்று ஆயில் ஃபில்டரைத் தருவார்கள். வேண்டாம். ஆயில் ஃபில்டரின் பேப்பரும் பசையும் சுடு தண்ணீரில் ஊறிக் கிடப்பதற்கானவை அல்ல, உள்ளேயே பிய்ந்து அதுவே குப்பையாகிவிடும்.

மாற்றுவது கால் மணி நேர வேலை, எஞ்சின் ஆறியிருந்தால். காலையில் வண்டி எடுப்பதற்கு முன் செய்யுங்கள். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு, விவரிக்கத் தேவையில்லை. மூடியைத் திறந்து பிரஷரை விட்டுவிட்டு, ஃபில்டருக்கு இரண்டு பக்கமும் இருக்கும் வால்வுகளை மூடுங்கள். வால்வே இல்லாமல் மாட்டியிருந்தால் இந்த முறையே இரண்டு போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் பாதிக் கூலன்ட் தரையில்தான். கீழே ஒரு பாத்திரம் வைத்து பெல்ட் ரெஞ்சால் கழற்றுங்கள். பழைய ரப்பர் வாஷர் டப்பாவோடு வந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். மேலே ஒட்டிக்கொண்டு நின்று, அதன் மேல் புது வாஷர் உட்கார்ந்தால் அன்று மாலையே ஒழுகும். புதிய வாஷரில் கொஞ்சம் கூலன்ட் தடவி, கையால் திருகி, வாஷர் தொட்டதும் இன்னொரு முக்கால் சுற்று. ரெஞ்ச் போட்டு இறுக்கக் கூடாது.

அப்புறம் காற்று. புது டப்பாவுக்குள் இருக்கும் காற்று சிஸ்டத்துக்குள் போகும், அதை வெளியேற்ற வேண்டும். இதற்கு மட்டும் சமவெளிக்காரர்களைவிட நமக்கு வசதி அதிகம். வண்டியின் மூக்கு மேலே பார்க்கிற மாதிரி ஏற்றத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு பின் சக்கரங்களுக்குப் பெரிய கல் வையுங்கள். ரேடியேட்டர் மூடி எல்லாவற்றையும்விட உயரத்துக்கு வந்துவிடும், காற்று தானாக அங்கே வந்து சேரும். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் வையுங்கள். மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஐடிலில் விட்டு, இரண்டு வால்வுகளையும் திறந்து, குமிழி வருவது நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் இறங்கியதும் நிரப்பி மூடிவிடுங்கள், கொதிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த நாள் காலை மறுபடி ஒரு பார்வை.

இப்போது அறுப்பது. ரம்பம் போட்டால் இரும்புத் தூள் உள்ளே விழுந்து ஏமாற்றும். ஃபில்டர் வெட்டும் கட்டர் இருந்தால் நல்லது, இல்லையென்றால் தகரம் வெட்டும் கத்தரியால் வாயோரமாகச் சுற்றி வெட்டலாம். மடிப்புப் பேப்பரை உருவி, தினத்தாள் மேல் விசிறி மாதிரி விரித்து வெயிலில் காய வையுங்கள். ஈரத்தில் எல்லாமே பழுப்பாகத்தான் தெரியும், காய்ந்தால்தான் நிறம் பிரியும்.

செம்பழுப்புத் தூள் என்றால் துரு. மேலே காந்தத்தைக் கொண்டுபோனால் கொஞ்சம் எழுந்து ஒட்டும். கொஞ்சமாக இருந்தால் பழைய வண்டிக்கு இயல்பு, அடுத்த ஃபில்டரிலும் அதே அளவு வந்தால் கூலன்டின் துருத் தடுப்பு தீர்ந்துவிட்டது. வெள்ளைச் செதில்கள் என்றால் உப்புத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், பெரும்பாலும் கீழே மேட்டுப்பாளையம், காரமடைப் பக்கத்து போர் தண்ணீர். விரலில் நறநறவென்று கறுப்பாக, காந்தத்துக்கு அசையாமல் இருந்தால் வார்ப்பு மணல். வெள்ளி மினுமினுப்பு என்றால் அலுமினியம் அரிக்கிறது, ஹெட்டையோ பம்ப் கூட்டையோ பார்க்க வேண்டும். நூல் நூலாகச் சாம்பல் நிறத்தில் ரப்பர் மாதிரி வந்தால் யாரோ கேஸ்கட்டுக்கு அளவில்லாமல் சிலிக்கோன் அப்பியிருக்கிறார்கள். கறுப்பு வழவழப்பு, முகர்ந்தால் எண்ணெய் வாடை: இது ஒன்றுக்குத்தான் உடனே வண்டியை நிறுத்த வேண்டும், ஆயில் கூலரோ ஹெட் கேஸ்கட்டோ போயிருக்கும்.

இன்னொன்று மஞ்சள் களிம்பு. ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைப் போட்டு அடைக்கும் பழைய டிரைவர் வைத்தியம் இன்னும் இருக்கிறது. ஊர் போய்ச் சேர உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஃபில்டர் இருக்கிற வண்டியில் அந்த மஞ்சள் ஓட்டையைத் தேடிப் போவதற்கு முன் ஃபில்டர் பேப்பரில் போய்ப் பூசிக்கொள்ளும். கடையில் விற்கும் லீக் பவுடரும் அதே கதைதான். ஒழுகினால் ஹோஸையோ ரேடியேட்டரையோ சரிசெய்யுங்கள்.

இனி கிலோமீட்டர். வண்டி உங்களுக்குப் புதிது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது என்பதால் முதல் ஃபில்டரை 1,500 கிலோமீட்டரில் கழற்றி அறுங்கள். அடுத்ததை 5,000-இல். பேப்பர் சுத்தமாக வர ஆரம்பித்தால் 20,000 வரை தள்ளலாம், ஆயில் சர்வீஸோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவதும் சேறாக வந்தால் ஃபில்டரை மாற்றிக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை, சிஸ்டத்தையே அலசிப் புதுக் கூலன்ட் போட வேண்டும்.

நம் மலையில் வண்டி படுகிற பாடு வேறு. காரட்டும் கோஸும் ஏற்றிக்கொண்டு கியரில் பிடித்தே இறங்கும்போது எஞ்சின் ஆறிப்போகும். திரும்பும்போது உரமோ சிமென்ட்டோ ஏற்றிக்கொண்டு செகண்ட் கியரில் முனகி ஏறும்போது வெந்துபோகும். ஒரே நாளில் இப்படிச் சுருங்கி விரிந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் துருச் செதில் சமவெளி வண்டியைவிடச் சீக்கிரம் உதிரும் என்பது என் எண்ணம்.

உயரமும் ஒரு விஷயம். ஊட்டி சுமார் 2,240 மீட்டரில் இருக்கிறது, அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். எஞ்சின் சாதாரணமாக ஓடும் சூடே அதை ஒட்டித்தான் இருக்கிறது. இடையில் காப்பாற்றுவது கூலன்ட் கலவையும் ரேடியேட்டர் மூடியின் பிரஷரும். 0.9 அல்லது 1.1 என்று மூடியில் பொறித்திருப்பது அதுதான், கொதிநிலையை 20 டிகிரி அளவுக்கு உயர்த்தித் தரும். ஃபில்டர் மாட்டியபோது புதிதாக வந்த ஹோஸ் இணைப்புகளில் ஒன்று கசிந்தாலும் அந்தப் பிரஷர் நிற்காது. வண்டி கீழே நன்றாக ஓடும், குன்னூர் ஏறும்போது மட்டும் கொதிக்கும். அதற்கு ஃபில்டரைத் திட்டுவார்கள், குற்றவாளி ஒரு தளர்ந்த கிளாம்ப். உங்கள் மெக்கானிக் கழற்றச் சொல்வதற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம். கிளாம்ப் எல்லாவற்றையும் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

கலவை பாதிக்குப் பாதி: கூலன்ட் ஒரு பங்கு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பங்கு. மலை ஓடைத் தண்ணீரில் உப்பு குறைவுதான், ஆனால் ஊற்ற ஊற்றக் கலவை நீர்த்து துருத் தடுப்பு போய்விடும். மார்கழி, தையில் தலைகுந்தா, அவலாஞ்சிப் பக்கம் உறைபனி விழும் இரவுகளில் வெறும் தண்ணீரோடு வண்டியை வெளியே நிறுத்துவது தேவையா?

வடித்த கூலன்டை ஓடையிலோ தேயிலைத் தோட்டத்து வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் சாகும். காட்டெருமை வீட்டு வாசல் வரை வருகிற ஊர் நம்முடையது. கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுப்பவர்களிடம் தனியாகக் கொடுங்கள், ஆயிலோடு கலக்க வேண்டாம்.

ஃபில்டர் குன்னூரில் எல்லாக் கடையிலும் கிடைக்காது, கோவையிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். பழைய டப்பாவில் இருக்கும் நம்பர் துருவேறி அழிவதற்குள் மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாங்கும்போது இரண்டாக வாங்கிவிடுங்கள்.