டெபாசிட் கட்டினால் லோடு வருமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறேன். கடன் வாங்கி, மூடிய பாடி கட்டிய சின்ன யானை (டாடா ஏஸ் சரக்கு வண்டி) எடுத்து நான்கு மாதம் ஆகிறது. ஸ்டாண்டில் போட்டால் வாரத்துக்கு இரண்டு மூன்று நடைதான். புதுச்சேரி கம்பெனி ஒன்றில் மாத வாடகைக்கு அட்டாச் செய்து தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். முப்பதாயிரம் டெபாசிட், ஜிஎஸ்டி பதிவு, பர்மிட் எல்லாம் வேண்டுமாம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். வண்டி தேவைப்படுகிறவன் அட்வான்ஸ் கொடுப்பான், வாங்க மாட்டான். நானும் ஆரம்பத்தில் இப்படிக் கட்டியவன்தான். ஒரு மாதம் கழித்துப் போனால் ஷட்டர் பூட்டியிருந்தது, அந்த ஏஜென்ட் பக்கத்து டீக்கடையிலும் பாக்கி வைத்திருந்தார்.

ஒரே வண்டியை வைத்துக்கொண்டு, பில்டி (சரக்கை ஏற்றுக்கொண்டதற்குத் தரும் ரசீது) போடாமல் வாடகைக்கு ஓடுகிறவருக்கு ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. எடுத்துவிட்டால் வருமானமே இல்லாத மாதத்துக்கும் கணக்கு காட்ட வேண்டும், தவறினால் அபராதம். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்குப் பர்மிட்டும் வேண்டாம். ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள், எடை அதில் இருக்கிறது. இதைச் சொல்ல ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் ஒரு போர்டு வைத்தால் போதும், பாதி புரோக்கர்கள் வேறு வேலை தேடிப் போவார்கள். யார் வைப்பது?

சரி, லோடு எங்கே? மூடிய பாடிக்கு நனையக்கூடாத சரக்குதான் சோறு போடும். மருந்து, பிஸ்கட், சோப்பு ஏஜென்சிகள், பார்சல் ஆபீஸ்கள், வீடு மாற்றுகிறவர்கள். கடலூரிலும், புதுச்சேரியில் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி பக்கமும் இருக்கும் குடோன்களுக்குக் காலை எட்டு மணிக்குப் போங்கள், லோடு ஏற்றும் நேரம் அது. முதலாளியை விட குடோன் சூப்பர்வைசர்தான் முக்கியம். ‘உங்கள் ரெகுலர் வண்டி எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்று வாங்கப் போகும் நாளில் கூப்பிடுங்கள்’ என்று நம்பர் கொடுங்கள். இரண்டு முறை நேரத்துக்குப் போய் நின்றால் மூன்றாவது முறை தானாகக் கூப்பிடுவார். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த வண்டிக்காரர் தார்ப்பாயோடு மல்லுக்கட்டும்போது உங்களுக்கு மதிப்பு கூடும். ஆனால் துறைமுகத்தில் மீன் ஏற்றாதீர்கள். ஒரு நடை நெத்திலி ஏற்றினால் போதும், பினாயில் ஊற்றிக் கழுவினாலும் பிஸ்கட் ஏஜென்சிக்காரர் கதவைத் திறந்து மோந்து பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய் சரக்கு வரை இ-வே பில் (சரக்கு அனுப்ப ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் சீட்டு) இல்லாமல் போகலாம் என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டினால் அது வேறு மாநிலக் கணக்கு, ஐம்பதாயிரத்தைத் தாண்டினாலே இ-வே பில் வேண்டும். இருபது கிலோமீட்டர்தானே என்று பார்ட்டி சிரிப்பார். பாகூர் பக்கம் எந்த ஊர் எந்த மாநிலம் என்று உள்ளூர்க்காரரே யோசித்துத்தான் சொல்லுவார், அதிகாரிக்கு அந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. வண்டியை ஓரங்கட்டச் சொன்னால் நிற்பது நீங்கள், பார்ட்டி போனை எடுக்க மாட்டார். அதனால் உங்கள் வண்டி நம்பர் போட்ட இ-வே பில் கைக்கு வந்தபிறகே சாவியைத் திருப்புங்கள்.

புதுச்சேரியிலிருந்து திரும்பும்போது ‘இந்த ஒரு பெட்டியையும் போட்டுக்கோங்க அண்ணே’ என்பார்கள். பிரித்துப் பார்க்காமல் ஏற்றாதீர்கள். உள்ளே மது பாட்டில் இருந்து பிடிபட்டால் வண்டியே பறிமுதலாகி ஏலத்துக்குப் போகலாம். கடன் தவணை மட்டும் உங்கள் பெயரில் ஓடும்.

வாடகை, வெயிட்டிங், ஏத்துக்கூலி இறக்குக்கூலி யாருடையது என்பதை ஏற்றுவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். காலியாகத் திரும்பும் டீசலையும் வாடகையில் சேர்த்துச் சொல்லுங்கள். கம்பெனிக்காரர் வாடகையில் டி.டி.எஸ். (வருமான வரி) பிடிக்கிறேன் என்றால், பத்து வண்டிக்கு மேல் இல்லை என்று எழுதி பான் நம்பரோடு கொடுங்கள், பிடிக்க மாட்டார்.

அந்த ஏஜென்ட் மறுபடி போன் செய்தால், சரக்கு ஏற்றும் கேட் எது என்று மட்டும் கேளுங்கள். சொன்னால் நேரே போய் வாட்ச்மேனிடம் விசாரியுங்கள்.