கண்டக்டர் இறக்கிவிட்டால் அது தடையா? – இரண்டு சுதந்திரங்கள் பற்றிக் கேள்வி பதில்

தமிழ்நாடு–கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் நண்பர்கள் கேட்டவை இவை. கல்லூரியில் அரசியல் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் பதில் சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

சார், எதிர்மறைச் சுதந்திரம் என்றால் கெட்ட சுதந்திரமா? (பாறசாலை மாணவி)

பெயர் செய்யும் குழப்பம் அது, மக்களே. பிறருடைய குறுக்கீடு ‘இல்லாத’ இடம் எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதால் எதிர்மறை. நேர்மறை கேட்பது வேறு: என்னை ஆள்வது யார், நானா இன்னொருவரா? தத்துவ அறிஞர் ஐசையா பெர்லின் 1958-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். நேர்மறை என்றதும் அதுதான் நல்லது என்று எண்ணிவிடாதே. பெர்லின் அதிகம் பயந்தது அதைப் பார்த்துத்தான்.

2020-இல் எல்லையில் தடுப்பு வைத்து இ-பாஸ் கேட்டார்கள். இப்போது தடுப்பு இல்லை. ஆனால் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்குப் போக அம்மாவிடம் பஸ் காசு இல்லை. அவருக்குச் சுதந்திரம் இருக்கிறதா? (குழித்துறை)

ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸைக் கேட்டால் இருக்கிறது என்பார். நோயில் கட்டிலோடு கிடப்பவனுக்குக் குறைந்திருப்பது நடக்கும் சக்திதான், சுதந்திரம் அல்ல என்று 1651-லேயே எழுதியவர் அவர். கேட்கக் கல்நெஞ்சாகத் தெரியும். ஆனால் அதில் ஒரு நேர்மை உண்டு. வசதியையும் சுதந்திரத்தையும் ஒரே பெயரால் அழைத்தால், இலவச பஸ் விட்ட கையோடு ‘சுதந்திரம்தான் கொடுத்தாச்சே, பேச்சுரிமை எதற்கு?’ என்று கேட்க ஓர் ஆள் வருவான்.

சரி, இன்னொரு பக்கமும் பார்ப்போம். அம்மா டிக்கெட் எடுக்காமல் ஏறினால் கண்டக்டர் அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிடுவார். ஒரு மனிதர் இன்னொரு மனிதரைத் தடுப்பதுதானே அதுவும்? காசு இல்லாதவருக்குத் தடைகளே அதிகம், ஆகவே எதிர்மறைக் கணக்குப்படியே அவருக்குச் சுதந்திரம் குறைவு என்று தத்துவவாதி ஜி. ஏ. கோஹன் வாதிட்டார். இதில் நான் கோஹன் கட்சி.

ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறேன் அண்ணாச்சி. முன்பணம் வாங்கியதால் முதலாளி சொன்ன கூலிக்குச் சம்மதித்தேன். யாரும் மிரட்டவில்லை. இது என் சொந்த முடிவுதானே? (அருமனை)

தனிமனித சுதந்திரத்தை முதன்மையாக வைக்கும் கொள்கைதான் தாராளவாதம் (லிபரலிசம்). அதன் பழைய வடிவம் ‘ஆமாம்’ என்றுதான் சொல்லும். இரண்டு பேர் மனமொத்துக் கையெழுத்துப் போட்டால் அரசு நடுவில் வரக்கூடாது. ரொட்டி அடுமனையில் ஒருவர் நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்று நியூயார்க் மாநிலம் போட்ட சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1905-இல் தள்ளுபடி செய்தது. காரணம், ஒப்பந்தச் சுதந்திரம்!

இந்த இடத்தில்தான் தாராளவாதம் திசை திரும்பியது. இங்கிலாந்தில் தத்துவப் பேராசிரியர் டி. எச். கிரீன் 1881-லேயே சொல்லிவிட்டார்: ஒப்பந்தச் சுதந்திரம் ஒரு நோக்கத்தை அடையும் வழி மட்டுமே, செய்யத் தகுந்ததைப் பிறரோடு சேர்ந்து செய்யும் ஆற்றலே உண்மையான சுதந்திரம். அந்த எண்ணம் ஊறி, 1908-இல் முதியோர் ஓய்வூதியம், 1911-இல் தேசிய காப்பீடு என்று லிபரல் கட்சி அரசே சட்டம் கொண்டு வந்தது. அரசுத் தலையீட்டை எதிர்த்த பொருளியலாளர் ஹயக் போன்றவர்களுக்கு இந்தத் திருப்பம் கடைசி வரை பிடிக்கவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மழை பிடித்துக்கொண்டால் வெட்டு கிடையாது. அந்த நாட்களில் அடுப்பெரிய முன்பணத்தை விட்டால் வேறு வழி இருந்ததா? முதலாளியிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக முடிந்திருந்தால் அது உங்கள் முடிவு. முடியாது என்றால் கிரீன் உங்கள் பக்கம்.

ஹெல்மெட் கட்டாயம் என்பது நேர்மறைச் சுதந்திரமா? (மார்த்தாண்டம்)

இல்லை, அது அக்கறையான கட்டாயம். உடைந்து விழப்போகும் பாலத்தில் கால் வைப்பவனை, எச்சரிக்க நேரமில்லையென்றால், பிடித்து இழுக்கலாம் என்றார் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில். விழுவது நிச்சயமில்லை, ஆபத்து மட்டும்தான் என்றால், எச்சரித்துவிட்டு விட்டுவிடச் சொன்னார். மழையில் நம்ம சப்பாத்தின் (ஆற்றுத் தரைப்பாலத்தின்) மேல் தண்ணீர் ஏறும்போது போலீஸ்காரர் அப்படி விடுவாரா என்ன!

மகன் படம் வரைய வேண்டும் என்றான். ‘பிற்காலத்தில் நீயே நன்றி சொல்வாய்’ என்று இன்ஜினியரிங் சேர்த்தேன். தப்பா? (கொல்லங்கோடு)

தப்பா இல்லையா என்பதை அவன்தான் சொல்ல வேண்டும். ஆனால் பெர்லினுடைய பயம் இதுவேதான். முதலில் ஒருவனுக்குள் இரண்டு பேரைக் காண்கிறோம்: ஆசைப்படுகிற மகன், விவரம் தெரிந்த ‘உண்மையான’ மகன். அப்புறம் அந்த உண்மையானவன் சார்பில் நாமே பேச ஆரம்பிக்கிறோம். கடைசியில், நான் அவனைக் கட்டாயப்படுத்தவே இல்லை, அவன் உள்ளே விரும்பியதைத்தான் செய்தேன் என்று நமக்கே தோன்றிவிடும். பொதுவிருப்பத்துக்கு, அதாவது சமூகம் முழுவதன் பொதுநன்மையை நாடும் விருப்பத்துக்கு, பணிய மறுப்பவனைக் ‘கட்டாயப்படுத்திச் சுதந்திரமாக்கலாம்’ என்று தத்துவவாதி ரூசோ 1762-இல் எழுதினார். அப்பா செய்தால் ஒரு வீட்டோடு போகும், கட்சி செய்தால் ஒரு நாடே போகும். கட்டாயப்படுத்தினேன் என்று வெளிப்படையாக ஒத்துக்கொள்கிற அப்பா எவ்வளவோ மேல்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை. நம் ஊருக்கு என்ன? (இரணியல்)

1859-இல் லண்டனில் மில்லின் சுதந்திர நூல் வெளிவந்தது. அதே ஆண்டு, தோள்சீலைப் போராட்டத்துக்குப் பின், திருவிதாங்கூர் அரசர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது. தடை பாதி விலகியது என்று எதிர்மறைக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் துணியை எப்படிப் போடுவது என்பதை அப்போதும் அரண்மனையே முடிவு செய்தது. நல்ல எஜமான் கையில் இருந்தாலும் அடிமை அடிமைதான் என்று நம் காலத் தத்துவவாதி ஃபிலிப் பெட்டிட் வாதிடுகிறார். அந்த அறிவிப்பைப் படித்த நம் பாட்டிமாருக்கு அவர் புத்தகம் தேவைப்பட்டிருக்காது.