மூன்று பேரப்பிள்ளைகளுக்கு மூன்று சீலைப் போர்வைகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள பிள்ளைக்கு,

நான் விசுவமடுவில் இருக்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் மகள் இந்த ஓகஸ்டில் மூன்று பிள்ளைகளோடும் நான்கு கிழமைக்கு வருகிறாள். பழஞ்சீலையில் பிள்ளைகள் மூவருக்கும் ஆளுக்கொரு போர்வை தைத்து, போகும்போது கையில் கொடுத்துவிட ஆசை. ஆனால் வந்தால் வீட்டில் எங்கே இருப்பார்கள்? மருமகன் வீட்டாரோடு மடுத் திருவிழா, பிறகு முல்லைத்தீவுக் கடல், நல்லூர்த் தேர் என்று ஓட்டம்தான். போகும் இடமெல்லாம் தையலையும் கொண்டுபோகலாமா?

போன வருடம் ஒரு முழுப் போர்வையைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்து தைத்தேன். முதல் தரம் கழுவினதும் நடுவெல்லாம் பொம்மி எழும்பிவிட்டது. சிவப்புச் சாயம் கசிந்து வெள்ளைக் கரையில் ஏறிவிட்டது. ஏன் அப்படி?

மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயது, நடுவிலாளுக்கு ஒன்பது, கடைக்குட்டிக்கு ஆறு. தாங்களும் தைக்க வேண்டும் என்று தொலைபேசியில் இப்போதே சொல்கிறார்கள்.

இன்னொன்று. என் அம்மாவின் நூற்சீலை ஒன்று இருக்கிறது. இடம்பெயர்ந்த காலமெல்லாம் பையில் கூடவே வந்தது. 2009 இல் செட்டிகுளம் முகாமிலும் இருந்தது. பேரப்பிள்ளைகளுக்கு அதில் ஒரு பங்கு போகவேண்டும் என்று விருப்பம். வெட்ட மனம் வரவில்லை.

– ஓர் அம்மம்மா, விசுவமடு

அன்புள்ள அம்மா,

உங்கள் அம்மாவின் சீலையில் இருந்தே தொடங்குகிறேன்; மற்ற வேலையெல்லாம் அதை வைத்துத்தான் அமையும்.

அந்தச் சீலையை முழுதாக மடித்துப் போர்வையாகத் தைக்க வேண்டாம். பல வருடம் மடிப்பிலேயே கிடந்த நூல் இழை மடிப்புக் கோட்டில் நொய்ந்திருக்கும். அதில் ஊசி ஏறி இறங்க, பிறகு மெசினில் கழுவ, அந்தக் கோட்டிலேயே கிழியும். அதன் உள்முனையில், அதாவது இடுப்பில் செருகும் பக்கத்தில், 12 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரே ஒரு கீற்று எடுங்கள். ஐந்தரை மீற்றர்ச் சீலையில் அவ்வளவு குறைந்தது உடுத்தினாலும் தெரியாது. முந்தானையும் கரையும் அப்படியே இருக்கும். வெயில் படாத பக்கம் என்பதால் நிறமும் அங்கேதான் நின்றிருக்கும். சீலையின் அகலம் ஏறக்குறைய 115 சென்ரிமீற்றர். ஆகவே 12 சென்ரிமீற்றர்ச் சதுரம் ஒன்பது கிடைக்கும். பிள்ளைக்கு மூன்றாக மூவருக்கும் சரியாகப் போகும்.

அந்த ஒன்பதும் ஒன்பது பூக்களின் நடு. அறுகோணத் துண்டு ஒன்றைச் சுற்றி ஆறு துண்டு பொருத்தினால் ஒரு பூ. இந்த வேலைதான் பயணத்துக்கு உகந்தது. முழுப் போர்வை வீட்டை விட்டு வெளியே போகவே கூடாது.

அறுகோணத்துக்கு அச்சு வேண்டும். பழைய கலண்டர் மட்டையில் மூத்தவன் கீறட்டும். கவராயத்தை 5 சென்ரிமீற்றருக்கு விரித்து வட்டம் போட்டு, அதே விரிவால் வட்டத்தில் ஆறு தரம் வெட்டிக் குறித்து, புள்ளிகளைச் சேர்த்தால் அறுகோணம் வந்துவிடும். ஒரே ஒரு தாய் அச்சு வையுங்கள். மற்ற எல்லாவற்றையும் அதை வைத்தே கீற வேண்டும். வெட்டிய மட்டையை வைத்து அடுத்ததை, அதை வைத்து இன்னொன்றை என்று போனால் பென்சில் கோட்டின் தடிப்பு ஒவ்வொரு தரமும் கூடி, கடைசியில் பூவின் ஆறாவது இதழ் இடைவெளிக்குள் அடங்காது. பூவுக்கு ஏழாக ஒன்பது பூவுக்கு 63 மட்டை.

துணியை மட்டையைவிட எல்லாப் பக்கமும் 8 மில்லிமீற்றர் கூட விட்டு வெட்டுங்கள். 12 சென்ரிமீற்றர்ச் சதுரத்தில் அது மட்டாகப் பிடிக்கும், அம்மாவின் துணியில் கை தவற இடமில்லை. வெட்டுமுன் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இரண்டு பெருவிரலாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். இழை விலகினால் பழைய வேட்டித் துண்டு ஒன்றை அதே அளவில் அடியில் வைத்து, இரண்டையும் சேர்த்து மட்டைமேல் மடியுங்கள். விளிம்பை மட்டைக்கு மேலால் மடித்து, பெரிய தையலால் பிடித்துவிட்டால் ஒரு துண்டு ஆயத்தம். இரண்டு துண்டை நல்ல பக்கம் உள்ளே வரச் சேர்த்துப் பிடித்து, விளிம்பில் இரண்டு மூன்று இழை மட்டும் பிடித்து மேலால் சுற்றித் தைக்க வேண்டும். ஊசி மட்டையைக் குத்தக்கூடாது. சென்ரிமீற்றருக்கு ஆறேழு தையல் போதும். ஒரு துண்டின் ஆறு பக்கமும் இணைந்த பிறகே அதன் மட்டையை எடுக்கலாம். வெளி இதழ்களின் மட்டை பூவைச் சீலையில் வைக்கும்வரை இருக்கட்டும்.

பயணத்துக்கு ஒரு பிஸ்கட் தகரம் போதும். பன்னிரண்டு மட்டை, வெட்டிய துணி பன்னிரண்டு, ஒரு நூற்கட்டை, நகவெட்டி. கத்தரிக்கோல் வேண்டாம், நகவெட்டியே நூலை அறுக்கும். பழைய ஸ்பீக்கர்க் காந்தம் ஒன்றைத் தகரத்துக்குள் வைத்தால் ஊசி சிதறாது. ஊசி கோக்கக் கண் சிரமப்படும் என்றால், வீட்டில் வைத்தே கடைக்குட்டியைக் கொண்டு ஏழெட்டு ஊசியைக் கட்டை நூலில் வரிசையாகக் கோத்துவிடுங்கள். ஒரு ஊசி வேண்டும்போது அதை மட்டும் பிடித்து நூலை இழுத்து அறுத்தால், மற்றவை கட்டையோடு நிற்கும். நூல் முழங்கையில் இருந்து விரல்நுனி வரை, 45 சென்ரிமீற்றர் போதும். நீளம் கூடினால் சிக்கும், துணிக்குள் போய்வந்து நைந்தும் விடும். தேன்மெழுகுத் துண்டில் ஒருதரம் இழுத்தெடுத்தால் சிக்கல் குறையும். தேன் எடுப்பவர்களிடம் கேட்டால் மெழுகு கிடைக்கும்.

பஸ்ஸில் ஊசி எடுக்க வேண்டாம். ஏ9 வீதியில் சடுதியாகப் பிரேக் போடும்போது மடியில் பிள்ளை இருக்கும். ரயிலில், கோயில் மண்டபத்தில், மடுவில் கூடாரத்தில் இருக்கும் மத்தியான வேளையில் தைக்கலாம். முறிகண்டியில் இறங்கிக் கச்சான் உரித்தால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் துணியைத் தொடாதீர்கள். எண்ணெய்ப் பசை வெளிர்நிறத் துணியில் உடனே தெரியாது, பிறகு புழுதியைப் பிடித்துக் கறுக்கும். முல்லைத்தீவுக் கடற்கரைக்குத் தகரத்தைக் கொண்டுபோகாதீர்கள். உப்புக்காற்றில் ஊசி விரைவில் துரு கட்டும். ஊசியைத் துணியில் குத்தியபடி விட்டு வைப்பது எங்கேயும் கூடாது. துருக்கறை பட்டுவிட்டால் தேசிக்காய்ப் புளியும் உப்பும் வைத்து வெயிலில் காயவிட்டால் போகும். ஆனால் துணியின் நிறமும் சேர்ந்து வெளிறக்கூடும்.

இனிப் போர்வை. பெரிய கட்டில் அளவில் மூன்று என்றால் நான்கு கிழமையில் முடியாது. ஐந்தரை மீற்றர் வொயில் சீலை ஒன்றை நான்காக மடித்தால் 137 சென்ரிமீற்றர் நீளமும் 110 அளவில் அகலமும் கொண்ட நான்கு மடிப் போர்வை. பிள்ளைகளுக்கு அது போதும். 4 சென்ரிமீற்றருக்கு ஒரு வரி ஓட்டுத் தையல் என்றால் 27 வரி, ஏறக்குறைய 37 மீற்றர்த் தையல். மணித்தியாலத்துக்கு நான்கைந்து மீற்றர் தைத்தாலும் ஒரு போர்வை எட்டொன்பது மணித்தியாலத்தில் முடியும். உள்ளே பஞ்சு இல்லாததால் இந்த இடைவெளி தாங்கும். அடுத்த முறை அவர்கள் வரும்போது போர்வையையும் கொண்டுவரச் சொல்லுங்கள். இடையில் இன்னொரு வரி போட்டால் இன்னும் உறுதியாகும். பூத்தையல் நூல் கட்டு ஒன்று 8 மீற்றர், ஆறு இழை. இரண்டு இழையாகப் பிரித்தால் 24 மீற்றர் வரும். போர்வைக்கு இரண்டு கட்டு வாங்குங்கள். தடித்த கைத்தறிச் சீலை என்றால் நான்கு மடி வேண்டாம், ஊசி இறங்காது, மூன்றாக மடியுங்கள்.

வேலையின் ஒழுங்கு முக்கியம். பூக்கள் மேல்மடியில் மட்டும் தைக்கப்பட வேண்டும், அதுவும் சீலையை மடிக்க முன்னர். சீலையை விரித்து, முந்தானைப் பக்கக் காற்பங்கில் மூன்று பூவையும் வைத்து, வெளி மட்டைகளை எடுத்து, ஓரத்தை மறைதையலால் பிடியுங்கள். ஒரு பூ 26 சென்ரிமீற்றர் அகலம் என்பதால் மூன்றும் ஒரே வரிசையில் தாராளமாகக் கிடக்கும். அதற்குப் பிறகே விசிறிமடிப்பாக மடிக்கலாம். ஆகவே முதற்பயணங்களிலேயே பூக்கள் முடிந்துவிட வேண்டும்.

போன வருடம் பொம்மியதற்குக் காரணம் இரண்டு இருக்கலாம். புதுத் துணியைக் கழுவாமல் பழந்துணியோடு சேர்த்திருந்தால் புதுசு மட்டும் சுருங்கி, மற்ற அடுக்கு உப்பியிருக்கும். மற்றது, மடியில் வைத்துத் தைத்தது. மடியில் தைக்கும்போது மேல்துணி கையோடு முன்னே தள்ளுப்படும், அடித்துணி முழங்காலில் தங்கும். ஒரு வரிக்கு ஒரு மில்லிமீற்றர் தள்ளினாலும் கடைசி வரியில் அது ஒரு பெரிய மடிப்பாக வந்து நிற்கும்.

இதற்கு மருந்து, முதலே நான்கு மடியையும் நிலத்தில் பரப்பிப் பெரிய தையலால் பிணைத்துவிடுவது. இதற்குத்தான் வீட்டில் ஆட்கள் வேண்டும். எல்லாரும் வீட்டில் நிற்கிற ஒரு நாளை இப்போதே மகளிடம் சொல்லி ஒதுக்கி வையுங்கள். சோளகக்காற்று கிளம்ப முன், விடியற்காலையில், சீமெந்து நிலத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, காற்றாடியை நிறுத்திவிட்டு விரியுங்கள். நாலு மூலைக்கும் நாலுபேர். சுருக்கம் போகுமளவு மட்டும் இழுக்க வேண்டும்; விறைக்க இழுத்தால் விட்டதும் சுருங்கும். விளிம்புகளை டேப்பால் நிலத்தில் ஒட்டிவிட்டு, நடுவில் இருந்து வெளியே நான்கு பக்கமும் 10 சென்ரிமீற்றருக்கு ஒரு வரியாகப் பெரிய தையல் ஓட்டுங்கள். ஓரத்தில் தொடங்கி உள்ளே வந்தால் மிச்சத்துணி நடுவில் சேர்ந்துவிடும். இதற்கு வெள்ளை நூல் மட்டுமே. நிற நூல் கழுவும்போது கசியலாம். குண்டூசி பாவித்தால் எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள், வீட்டில் வெறுங்காலோடு ஆறு வயதுப் பிள்ளை ஓடுகிறது.

இப்படிப் பிணைத்துவிட்டால் பிறகு பாயில் இருந்தும் தைக்கலாம், மூன்று பேர் மூன்று பக்கம் இருந்தும் தைக்கலாம். கோடு போடத் தேய்ந்த சவர்க்காரத் துண்டு நல்லது, கழுவினால் போய்விடும். போல்பொயின்ற் பேனை வேண்டாம். நடுவிலாளுக்கு 7ஆம் இலக்கப் பூத்தையல் ஊசி கொடுங்கள், அதன் கண் நீளமானது. அவளுடைய தையல் ஒரு சென்ரிமீற்றர் நீளத்துக்குப் போகும். அதைப் பிரிக்காதீர்கள். நீண்ட தையலில் கால்விரல் மாட்டி நூல் அறும் என்பதுதான் பிரச்சினை. பக்கத்தில் ஒரு சென்ரிமீற்றர் தள்ளி நீங்கள் நெருக்கமாக ஒரு வரி போட்டால் துணி அங்கே இறுகி நிற்கும், பிள்ளையின் வரி அறுந்தாலும் போர்வைக்கு ஒன்றும் ஆகாது. பிள்ளை நூலை இறுக்கி இழுத்து வரி சுருங்கினால் மட்டும், முடிச்சுப் போட முன் துணியை இரண்டு கையாலும் நீவிவிடச் சொல்லிக் கொடுங்கள்.

சாய விடயம். சீலைகளை மடிக்க முன் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஒரு மூலையை நனைத்து, வெள்ளைத் துணிமேல் வைத்து, சூடான அயன்பெட்டியால் அழுத்துங்கள். நிறம் இறங்கினால் தனியே கழுவி மறுபடியும் சோதியுங்கள். மூன்று நான்கு தரம் கழுவியும் இறங்கினால் அந்தச் சீலையை விட்டுவிடுங்கள். அம்மாவின் துண்டுக்கும் இந்தச் சோதனை வேண்டும், அதில் அயன்பெட்டி வேண்டாம், கையால் அழுத்தினால் போதும். உப்பும் வினாகிரியும் சாயத்தைப் பிடிக்கும் என்று சொல்வார்கள். ஏற்கெனவே சாயம் போட்டு விற்ற பருத்தித் துணிக்கு அது உதவாது. வினாகிரி உதவுவது வேறொன்றுக்கு. நம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் சுண்ணாம்பு கூடிய தண்ணீர். சவர்க்காரம் நுரைக்காமல் வெண்படலமாக இழையில் ஒட்டித் துணி விறைக்கும், ஊசி தடக்கும். கடைசி அலசலில் ஒரு வாளிக்குக் கால் கோப்பை வினாகிரி விட்டால் அது கரைந்துபோகும். போன வருடப் போர்வையை ஒரு பெரிய பாத்திரம் நிறைய இளஞ்சூட்டுத் தண்ணீரில், கொஞ்சம் சலவைத்தூளோடு, ஓரிரவு தோய விடுங்கள். தண்ணீர் சிவந்தால் மாற்றி மறுபடியும் விடுங்கள். அயன்பெட்டியின் சூடு படாத கறை பெரும்பாலும் இளகும்.

ரொறன்ரோவில் கழுவுவது பற்றி மகளுக்கு ஒரு கடதாசியில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள்: குளிர்த் தண்ணீர், மென்மையான சுற்று, வலைப்பைக்குள் போட்டுத் தனியே கழுவ வேண்டும், சூட்டு உலர்த்தியில் போடாமல் விரித்துக் காயவைக்க வேண்டும், நூல் அறுந்தால் வெட்டாமல் ஊசியால் உள்ளே செருகிவிட வேண்டும்.