பரீட்சை இல்லாத பெரியவங்க வகுப்பு, தேறுனாங்களா இல்லையான்னு எப்படி பாக்கறது? கேள்வி பதில்

அம்மாபேட்டை தையலக்கா: தையல் கிளாஸ் நடத்தறேன்க்கா, பரீட்சை கெடையாது. யார் எவ்ளோ தேறுனாங்கன்னு எப்படி எழுதறது?

பதில்: மொத நாளே எழுதி வைங்க, இத நான் சொல்லிக்கிட்டே தான் இருப்பேன். வந்த அன்னைக்கே ஒரு துண்டுத் துணில நேர்த்தையல் ஓட்டச் சொல்லி பேரு தேதி போட்டு பின் குத்தி வைங்க. எதுக்கு வந்தாங்கன்னு கேளுங்க, ஒருத்தங்களுக்கு வீட்டுக்கு ஜாக்கெட் தைக்கணும், இன்னொருத்தங்களுக்கு கார்மெண்ட்ஸ் வேலைக்கு போகணும், ரெண்டு பேருக்கும் ஒரே லிஸ்ட் ஆகாது. பிரிட்டன்ல இதுக்குன்னே ரார்ப்பான்னு ஒரு முறை இருக்கு, அஞ்சு படி: படிப்போட நோக்கம், ஆரம்ப நெலம, அவங்கவங்க இலக்கு, நடுவுல அப்பப்ப பாத்து குறிக்கறது, கடைசில உக்காந்து அலசறது. நாலாவது படிய தான் எல்லாரும் முழுங்கிடறாங்க. "கழுத்து வளைவு இன்னைக்கு சுருங்காம வந்துச்சு"ன்னு ஒரு வரி போதும். சும்மா "நன்று"ன்னு மட்டும் எழுதாதீங்க.

செவ்வாப்பேட்டை குமாரு: அட்டெண்டன்ஸ் நல்லா இருக்கே, அது பத்தாதா?

பதில்: வந்தாங்கன்னு தெரியும். அவ்ளோதான்.

ஓமலூர்க்காரன்: இதுல சர்டிபிகேட் குடுத்தா வேலை கெடைக்குமா?

பதில்: கெடைக்காது. அது வேணும்னா எட்டாவது தனித்தேர்வு, இல்ல தேசிய திறந்தநிலைப் பள்ளி.

நாகலூர் மலைவாசி: எங்க எஸ்டேட் அம்மாக்கள் எல்லாரும் கையெழுத்து போடறாங்க. எழுத்தறிவு வந்தாச்சுன்னு எழுதலாம்ல?

பதில்: கூடாது. பாப்பாத்தின்னு ஒருத்தங்க பேர் எழுதுனா அந்த 'பா'வ எடுத்து பால், பாட்டின்னு எழுதிக் காட்டி படிக்கச் சொல்லுங்க, திணறுனா அவங்க பேர வரஞ்சிருக்காங்க, எழுதல. சென்சஸ்லயே 7 வயசுலேர்ந்து, புரிஞ்சு படிக்கவும் எழுதவும் தெரியணும்னு தான் இருக்கு.

நாகலூர் மலைவாசி: பேங்க்ல கைநாட்டு வைக்க கூசிக்கிட்டு நின்னவங்க அவங்க. அது சின்ன விஷயமா?

பதில்: சின்னதுன்னு யாருங்க சொன்னா? "பேங்க்ல தானே கையெழுத்து போட்டாங்க"ன்னு தேதியோட எழுதுங்க. எழுத்தறிவுன்னு கணக்கு காட்டாதீங்கங்கறேன். 1988ல வந்த தேசிய எழுத்தறிவு இயக்கம் வச்ச அளவு, நிமிஷத்துக்கு 30 வார்த்த சத்தமா வாசிக்கணும், 7 வார்த்த பாத்து எழுதணும், சொல்லச் சொல்ல 5 வார்த்த எழுதணும். இப்ப பெரியவங்க எழுத்தறிவுக்கு மத்திய அரசு நடத்தற உல்லாஸ் திட்டத்துல பரீட்சைக்கு 150 மார்க், வாசிக்க 50, எழுத 50, கணக்குக்கு 50.

ஏற்காடு காப்பி: நாளெல்லாம் மொளகு பறிச்சுட்டு வர்றவங்ககிட்ட வாட்ச் புடிச்சுக்கிட்டு நிப்பீங்களா?

பதில்: மாட்டேன். சம்பளச் சீட்ட குடுத்து நாள் கணக்கு சரியான்னு பாக்கச் சொல்லுவேன். அத படிச்சுட்டு மேஸ்திரிகிட்ட "ஒரு நாள் கொறையுதுங்களே"ன்னு கேட்டாங்கன்னா மார்க்க விட அது பெருசு.

நாகலூர் மலைவாசி: அப்ப கையெழுத்து வேணாங்கறீங்க.

பதில்: சாமி, மறுபடி மேல படிங்க.

ஆத்தூர் வாத்தியார்: ஒரு பாட்டி மாசக்கணக்கா அதே பக்கத்துல நிக்கறாங்க.

பதில்: மொதல்ல கண்ணு டெஸ்ட் பண்ணுங்க. 40 தாண்டுனா கிட்டத்து எழுத்து மங்கும், நாம மந்தம்னு எழுதிடறோம்.

மேட்டூர் மாப்ள: சர்டிபிகேட் குடுப்பீங்களா?

பதில்: மேல பாருங்க.

சங்ககிரி தங்கச்சி: மொத நாள் ஒண்ணும் எழுதலக்கா, மூணு மாசம் ஓடிருச்சு.

பதில்: பழச யூகிச்சு நெரப்பாதீங்க, அது பொய் ரெக்கார்டு. அவங்க பழைய நோட்டோட மொத பக்கம் இருந்தா போட்டோ எடுங்க, இல்லன்னா இன்னைக்கு நெலமைய எழுதி இன்னைக்கு தேதியே போடுங்க. சர்டிபிகேட் பத்தி இன்னும் ரெண்டு பேர் கேட்ருக்கீங்க, அதுக்கு இனிமே பதில் கெடையாதுங்க.